லீன் முறையும் தொடர் மேம்பாடும்: நம்ம பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டுநாயக்காவில் ஒரு கார்மண்டில் பதினொரு வருடம் லைன் சுப்பவைசராக இருந்துவிட்டு கிழக்கு மாகாணத்திலுள்ள ஊருக்குத் திரும்பினவன் நான். இப்போது நெல் ஆலை, கூட்டுறவுச் சங்கம், கைத்தறி நிலையம், அரச கந்தோர் என்று கூப்பிடுகிற இடங்களுக்குப் போய் வேலை முறையைச் சீர்செய்ய உதவுகிறேன். கல்முனையில் கேட்கிற கேள்வியைத்தான் செங்கலடியிலும் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

லீன் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

நம்மிடம் வருகிறவருக்குப் பயன்படுகிற வேலை எது, படாத வேலை எது என்று பிரித்துப் பார்த்து, படாததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவது. பிறப்புச் சான்றிதழ் பிரதி எடுக்க வந்த அம்மாவுக்கு அந்தப் பிரதி கையில் வேண்டும். அது எத்தனை மேசை ஏறி இறங்கியது என்ற கதை அவவுக்கு வேண்டாம். அந்த ஏறி இறங்கலைத்தான் நாங்கள் குறைக்கப் பார்க்கிறோம்.

முறை டொயோட்டாவுடையது. 'லீன்' என்ற பெயரை 1988 இல் ஒரு கட்டுரையில் வைத்தவர் அமெரிக்கரான ஜோன் கிராஃப்சிக். சதை பிடிக்காத, ஒட்டின உடம்பைக் குறிக்கிற ஆங்கிலச் சொல் அது. ஒட்டின உடம்பு என்றால் பட்டினி கிடப்பது என்று சில முதலாளிமார் எடுத்துக்கொண்டதால் வந்த வினைகளைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கார் செய்கிறவர்களின் முறை எங்களுக்கு எப்படிப் பொருந்தும்?

இது கார் செய்கிறவர்களிடம் தொடங்கவில்லை, நெசவாளரிடம் தொடங்கியது. கைத்தறிக்குப் பெயர்போன மருதமுனையில் இதைச் சொன்னால் மட்டும் உடனே தலையாட்டுவார்கள்.

சகிச்சி டொயோடா ஒரு தச்சரின் மகன். தறியைத் திருத்துவதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். 1924 இல் அவர் முடித்த தானியங்கித் தறியில், பாவு நூல் ஒன்று அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். சாதாரண விசைத்தறிக்கு ஆள் கண்ணிமைக்காமல் காவல் இருக்க வேண்டும். பார்க்காமல் விட்டால் அறுந்த நூலோடு முழம் முழமாகப் பழுதான துணி வந்து விழும். நிற்கிற தறி வந்த பிறகு ஒரு ஆள் பல தறிகளைப் பார்க்கலாம் என்றானது. 1929 இல் அதன் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பனி வாங்கியது. அவருடைய மகன் கிச்சிரோ தொடங்கியதுதான் 1937 இல் உருவான டொயோட்டா மோட்டார் கம்பனி.

இனி மருதமுனையில் ஒரு கைத்தறிக்குப் பக்கத்தில் கொஞ்சநேரம் நின்று பாருங்கள். சாரம் நெய்கிற ராத்தாவின் கால் மிதியில், கை நாடாவில், கண் பாவில். நூல் ஒன்று அறுந்த அதே கணம் கால் நிற்கிறது. இரண்டு விரலால் முனைகளைப் பிடித்து, முடிச்சுப் போட்டு, ஈரப்படுத்தி, மிச்சத்தை வெட்டிவிட்டு மறுபடி மிதிக்கிறார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அறிக்கை எழுதவில்லை. 'பிறகு பார்ப்போம்' என்று நான்கு முழம் நெய்யவும் இல்லை.

லீனின் அடிவேர் இதுதான். ஆனால் அதே ஊரில் ஒரு கந்தோரிலோ ஆலையிலோ பழுதைக் கண்டவர் நிறுத்துவாரா? நிறுத்தினால் ஏச்சு வாங்குவார். அதனால் பழுது அடுத்த மேசைக்குப் போகிறது, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. கடைசியில் அது வந்து சேருகிற இடம் வாசலில் நிற்கிற பொதுமகனின் கை.

எதெல்லாம் விரயம்?

டொயோட்டாவின் தொழிற்சாலைகளில் இந்த முறையை உருவாக்கிய தாயிச்சி ஓனோ ஏழு வகை சொன்னார்: தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, தேவையில்லாமல் இடம் மாற்றுவது, தேவைக்கு மேல் மெருகூட்டுவது, அடுக்கி வைத்திருப்பது, ஆள் வீணாக நடப்பதும் குனிவதும், பழுது. முதலாவதுதான் மோசமானது என்பார், மற்ற ஆறையும் அது மறைத்துவிடுமாம். ஆட்களின் திறமையைப் பயன்படுத்தாமல் விடுவதை எட்டாவதாகப் பிற்காலத்தில் சேர்த்தார்கள். என்னைக் கேட்டால் நம் பக்கத்தில் அதுதான் முதலாவது.

கந்தோர்களில் காத்திருப்புத்தான் பெரிய விரயம். யாரும் சும்மா இருப்பதாகத் தெரியாததால் அது கண்ணில் படாது. ஒருமுறை ஒரு கந்தோரில், விண்ணப்பம் ஒன்றின் மேல் மஞ்சள் துண்டு ஒட்டி, ஒவ்வொரு மேசைக்கும் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதச் சொன்னேன். ஒன்பதாம் நாள் அது வெளியே வந்தது. துண்டைக் கூட்டிப் பார்த்தோம். மனிதர் கை பட்டு வேலை நடந்தது மொத்தம் 22 நிமிடம். மற்ற நேரமெல்லாம் தட்டிலே கிடந்திருக்கிறது. அதிலும் நான்கு நாள் ஒரே தட்டில், ஒரு சிறு கையெழுத்துக்காக, வெளிக்கள வேலைக்குப் போன உத்தியோகத்தரை எதிர்பார்த்துக் கிடந்திருக்கிறது. அந்தக் கையெழுத்து ஏன் வேண்டும் என்று கேட்டதற்கு அங்கிருந்த மூத்த எழுதுவினைஞருக்கும் பதில் தெரியவில்லை. 'முந்தியே அப்படித்தான்' என்றார்.

எங்கள் ஆட்கள் இன்னும் வேகமாக வேலை செய்தால் போதாதா?

மேலே உள்ள கணக்கையே எடுங்கள். 22 நிமிட வேலையைப் பாதி நேரத்தில் செய்தாலும் ஒன்பது நாளில் 11 நிமிடம்தான் மிச்சம். ஆட்களை விரட்டிக் களைப்பது ஒன்றுதான் நடக்கும்.

இன்னொரு கணக்கும் கைவசம் வைத்திருங்கள். ஜோன் லிட்டில் என்பவர் 1961 இல் நிறுவிக் காட்டியது: ஒரு கோவை முடிய எடுக்கும் சராசரி நாட்கள் எத்தனை என்று அறிய, கிடக்கிற கோவைகளின் எண்ணிக்கையை ஒரு நாளில் முடிகிற எண்ணிக்கையால் வகுத்தால் போதும். 120 கோவை கிடக்கிறது, ஒரு நாளைக்கு 8 முடிகிறது என்றால், இன்று வருகிறவருக்கு 15 வேலை நாள். இதைச் சொல்ல ஆய்வுக் குழு தேவையில்லை. காத்திருப்பு குறைய வேண்டுமானால் ஒரே நேரத்தில் கையில் எடுக்கிற வேலையைக் குறைக்க வேண்டும். புதிதாக நான்கு கோவையைத் திறப்பதற்கு முன் பாதியில் கிடக்கிற ஒன்றை முடியுங்கள்.

நாங்கள் ஐந்து எஸ் செய்து விருதும் எடுத்துவிட்டோம். இனி என்ன?

வாழ்த்துகள். உண்மையாகத்தான் சொல்கிறேன். செய்ரி, செய்தோன், செய்சோ, செய்கெத்சு, ஷித்சுகே: வேண்டாததை அகற்று, ஒழுங்காய் வை, சுத்தமாக்கு, நியமமாக்கு, பழக்கமாக்கு. நம் நாட்டில் கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை 2000 ஆம் ஆண்டளவில் இதைத் தொடங்கி, பிற்காலத்தில் ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜெய்க்கா ஊடாக ஆபிரிக்க நாட்டு வைத்தியசாலைக்காரர்கள் பார்த்துப் படிக்க வருகிற அளவுக்குப் போனது. ஆகவே 'இது சிலோனில் சரிவராது' என்ற பேச்சு வேண்டாம்.

ஆனால் நம் பக்கத்தில் பல இடங்களில் இது கணிப்பீட்டுக் குழு வருகிற வாரத்துச் சடங்காகிவிட்டது. துடைப்பத்துக்கு மேல் 'துடைப்பம்' என்று லேபல். மின்விசிறி ஆளிக்கு மஞ்சள், விளக்கு ஆளிக்குப் பச்சை. எல்லாம் அழகு. அந்த மேசையில் கொடுக்கிற விண்ணப்பம் முன்பும் ஒன்பது நாள், இப்போதும் ஒன்பது நாள். நான் போனால் லேபலைப் பார்ப்பதில்லை, போன மாதம் என்ன மாறியது என்று சிற்றூழியரிடம் கேட்பேன். அவர் யோசித்தால் விருது சுவரில் மட்டும்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

பிரச்சினையின் வேரை எப்படிக் கண்டுபிடிப்பது?

'ஏன்' என்று திரும்பத் திரும்பக் கேட்பது. ஐந்து தடவை என்று சொல்வார்கள். மூன்றிலும் முடியலாம், ஏழும் ஆகலாம். கேட்கிற இடம்தான் முக்கியம். மாநாட்டு மண்டபத்தில் கேட்டால் வருகிற பதில் வேறு, வேலை நடக்கிற இடத்தில் நின்று கேட்டால் வருகிற பதில் வேறு. ஜப்பானியர் அந்த இடத்தை கெம்பா என்பார்கள்.

சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஆலை. முதலாளி காக்கா கூப்பிட்டுச் சொன்னது: 'குறுணல் கூடிப்போச்சு தம்பி, மெசினைத்தான் மாத்தணும்.' விலைப்பட்டியலும் எடுத்து வைத்திருந்தார்.

மெசினுக்குப் போக முதல் களத்துக்குப் போனோம். அவித்துக் காயப் போட்ட நெல்லில் ஒரு பிடி எடுத்து, கையால் உமி நீக்கி, அரிசியை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தோம். பாதி மணிகளில் மயிரிழை போல வெடிப்பு. மெசினுக்குள் போகும் முன்பே உடைந்து கிடக்கிறது. ஏன் வெடித்தது? மிதமிஞ்சிக் காய்ந்ததால். ஈரப்பதம் 14 வீதத்துக்குக் கிட்ட வந்ததும் அள்ள வேண்டும், அதற்குமேல் வெயிலில் விட்டால் மணி பிளக்கும். ஈரப்பதமானி எங்கே? லாச்சிக்குள், பற்றரி இல்லாமல்.

ஏன் மிதமிஞ்சிக் காய்கிறது? காக்காவுக்குத் தெரியவில்லை. களத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: 'ரெண்டு மணிக்கே சரியாயிடும் மனே. அள்ள ஆளில்ல.' அள்ளுகிற இரண்டு பேரும் அந்த நேரம் எங்கே? லொறிக்கு மூடை ஏற்ற. லொறி ஏன் இரண்டு மணிக்கு வருகிறது? எப்போதோ ஒரு வியாபாரி தூர இடத்திலிருந்து வருவதால் கேட்டுக்கொண்ட நேரம் அது. அந்த வியாபாரி இப்போது இந்த ஆலைக்கு வருவதே இல்லை. நேரம் மட்டும் நின்றுவிட்டது.

ஒரு தொலைபேசி அழைப்பில் லொறி காலை பத்து மணிக்கு மாறியது. பற்றரி வாங்கினார்கள். காய்கிற நெல்லை இடையில் குவித்து ஆறவிட்டு மறுபடி பரப்புகிற பழைய வழக்கத்தையும் மீட்டார்கள். அடுத்த வாரமே குறுணல் சாக்கு குறையத் தொடங்கியது. புதிய மெசின் வாங்கவில்லை.

'ஏன் அம்மா இதை முதலே சொல்லல்ல?' என்று காக்கா கேட்டார். 'ஆரு கேட்ட?' என்றுவிட்டு அவர் கிளறப் போய்விட்டார்.

கையிருப்பே வைக்கக் கூடாது என்கிறார்களே?

தவறான விளக்கம். 2022 இன் தட்டுப்பாட்டை அனுபவித்த நமக்கு அதைச் சொல்லித் தரத் தேவையில்லை. டொயோட்டாவும் 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு, கிடைப்பது கடினமான சில உதிரிகளுக்கு, முக்கியமாக மின்னணுச் சில்லுகளுக்கு, மாதக்கணக்கில் கையிருப்பு வைக்க ஏற்பாடு செய்தது. எவ்வளவு, எதற்காக என்று தெரிந்து வைப்பதுதான் விஷயம்.

1956 இல் ஓனோ அமெரிக்கா போனார். அங்கே அவருடைய யோசனைக்கு உரம் போட்டது சூப்பர் மார்க்கெட். ஆட்கள் எடுத்த அளவுக்கே தட்டு நிரப்பப்படுகிறது. எடுத்த அளவுக்கு மட்டும் மறுபடி கொண்டுவா என்று அட்டையால் சொல்கிற கன்பன் முறையும் அதே தர்க்கத்தில்தான் நடக்கிறது. சின்ன இடத்துக்கு இரண்டு பெட்டி போதும். கைத்தறி நிலையத்தில் ஒரு நிற நூல் நாளுக்கு 3 கிலோ போகிறது, சொல்லிவிட்டால் வந்துசேர 6 நாள் என்று வைத்துக்கொள்வோம். 18 கிலோ. பாதுகாப்புக்கு இரண்டு நாள் சேர்த்தால் 24. இரண்டாம் பெட்டியில் 24 கிலோ. முதல் பெட்டி காலியாகி இரண்டாவதைத் திறக்கிற அன்றே, உள்ளே மேலாக வைத்திருக்கிற அட்டையைக் களஞ்சியத்துக்குக் கொடுங்கள். அவ்வளவுதான். கணினி வேண்டாம், 'நூல் முடிஞ்சி போச்சு' என்ற அலறலும் வேண்டாம்.

அறுவடைக் காலத்தில் ஒரேயடியாக வந்து குவிகிறதே, அதற்கு?

பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில் எல்லோருக்கும் ஒன்றாக வரும். வானத்தை மாற்ற முடியாது. ஆனால் ஒரு நாளுக்குள் வருகிற நெரிசலை மாற்றலாம். சீரற்ற வரவை முரா என்றும், ஆளையோ மெசினையோ சக்திக்கு மேல் முறுக்குவதை முரி என்றும் சொல்வார்கள். முரா வந்தால் முரி பின்னாலே வரும்.

எரிபொருள் வரிசை நினைவிருக்கும். 2022 ஜூலையில் கியூஆர் அட்டையும், வாகன இலக்கத்தின் கடைசி எண்ணுக்கு இன்ன நாள் என்ற முறையும் வந்த பிறகு, நாட்கணக்கில் நின்ற வரிசை குறைந்தது. பெற்றோல் அளவாகத்தான் கிடைத்தது, ஆனாலும் எல்லோரும் ஒரே நாளில் வரவில்லை. இதே யோசனையில் ஒரு கொள்வனவு நிலையம் உழவு இயந்திரங்களுக்கு முதல் நாளே நேரத் துண்டு கொடுத்தது. எந்த வயல்வெளி என்று பார்த்து, கண்டத்தின்படி, வட்டையின்படி. முதல் இரண்டு நாள் சண்டை. மூன்றாம் நாள் சண்டை போட்டவர்களே துண்டு கேட்டு வந்தார்கள்.

இது ஆட்குறைப்புக்கான வழியா?

இந்தக் கேள்வியை முதலாளிக்கு முன்னால் கேட்க மாட்டார்கள். தேநீர் நேரத்தில் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்பார்கள்.

1950 இல் டொயோட்டாவே கடனில் மூழ்கி ஆட்களை நிறுத்தியது. பெரிய வேலைநிறுத்தம். பொறுப்பேற்றுக் கிச்சிரோ டொயோடா பதவி விலகினார். அதற்குப் பிறகு வேலைப் பாதுகாப்பும் மேம்பாடும் ஒன்றையொன்று தாங்குபவை என்ற புரிதலில்தான் அங்கே இந்த முறை வளர்ந்தது. காரணம் எளிது: என் யோசனையால் என் நண்பனுக்கு வேலை போனால், அடுத்த யோசனையை நான் வாய் திறந்து சொல்வேனா?

ஆட்கள் சரியில்லை என்று சொல்பவர்களுக்கு ஒரு கதை. கலிபோர்னியாவில் பிரீமொன்ட் என்ற இடத்திலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை, வேலைக்கு வராமை, சண்டை, மோசமான தரம் என்று பெயர் கெட்டு 1982 இல் மூடப்பட்டது. 1984 இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து அதைத் திறந்தபோது எடுத்தவர்களில் பெரும்பாலானோர் பழைய ஆட்களே. பழுது கண்டால் யாரும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம் என்ற உரிமை கொடுக்கப்பட்டது. கொஞ்சக் காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் சிறந்த தரம் அங்கிருந்து வந்தது. ஆட்கள் அதே ஆட்கள்.

அதனால் நான் வேலையை ஏற்க முதல் முதலாளியிடம் ஒன்று கேட்டு வாங்குவேன்: இந்த மாற்றத்தால் யாரையும் நிறுத்த மாட்டேன் என்று ஊழியர்களுக்கு முன்னால் சொல்ல வேண்டும். சொல்ல மறுத்தவர்கள் உண்டு. அங்கே நான் போவதில்லை.

கூட்டம் எத்தனை நேரம் வைக்க வேண்டும்?

காலையில் பத்து நிமிடம், பலகைக்கு முன்னால், நின்றபடி. நேற்று எது தடைப்பட்டது, இன்று யார் பார்ப்பது, எப்போது முடியும். கதிரை போட்டால் தேநீர் வரும், தேநீர் வந்தால் ஒரு மணித்தியாலம்.

மென்பொருள் வாங்க வேண்டுமா?

இப்போது வேண்டாம். குழப்பமான வேலையைக் கணினியில் போட்டால் குழப்பம் வேகமாக நடக்கும்.

தலைவர் இடமாற்றமாகிப் போனால் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறதே?

அரச கந்தோர்களில் இதுதான் உண்மையான நோய், எனக்கும் முழுமையான மருந்து தெரியாது. ஓரளவு உதவுவது ஒன்று: திருந்திய முறையை அந்த வேலையைச் செய்கிறவரே ஒரு பக்கத்தில், படத்தோடு, தன் கையெழுத்தில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டுவது. தலைவர் எழுதிய சுற்றறிக்கை தலைவரோடு போய்விடும். பரிமாற்று மேசையில் இருக்கிற பிள்ளை எழுதியதை அடுத்த தலைவர் கிழிக்க யோசிப்பார். அதன் கீழே திகதியும் வேண்டும். ஆறு மாதமாகத் திகதி மாறவில்லை என்றால் அந்த முறையை யாரும் தொடவில்லை என்று பொருள்.

எத்தனை நாளில் பலன் தெரியும்?

ஆலை போன்ற இடத்தில் சின்னப் பலன் இரண்டு மூன்று வாரத்தில் தெரியும். பழக்கமாக வருவதற்கு வருடக்கணக்கு. ஓனோவுக்கே இருபது முப்பது வருடம் பிடித்தது. ஆறு வாரத்தில் முழுதாக மாற்றித் தருகிறேன் என்று வருகிறவருக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.

நீங்கள் போய்த் தோற்ற இடம் உண்டா?

உண்டு. தொடக்க காலத்தில், பெயர் வேண்டாம், நெசவு நிலையம் ஒன்றில் எல்லாவற்றையும் செய்தேன்: பலகை, பயிற்சி வகுப்பு, நிறம் நிறமாய் அட்டை, வாசலில் கண்ணாடி வைத்த யோசனைப் பெட்டி. திறப்பு விழாவுக்குப் படமும் எடுத்தோம். மூன்று மாதம் கழித்துப் போனேன். பெட்டியைத் திறப்போம் என்றால் சாவி இல்லை. முகாமையாளரிடம் என்றார்கள், அவர் களஞ்சியப் பொறுப்பாளரிடம் என்றார். கடைசியில் திருப்புளியால் பூட்டைக் கழற்றினோம்.

உள்ளே ஒரு துண்டு. உள்ளறை விசிறி ஓடுவதில்லை, வேர்வை விழுந்து துணியில் கறை படிகிறது, திருத்தித் தரவும் என்று எழுதியிருந்தது. திகதி, பெட்டி வைத்து நான்காம் நாள். உள்ளறைக்குப் போய்ப் பார்த்தேன், விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நெய்கிற பிள்ளைகள் தங்களுக்குள் காசு சேர்த்து, தெருவிலே போன மின்வேலைக்காரரைக் கூப்பிட்டுத் திருத்தியிருந்தார்கள்.